பதினைந்துக்கு ஒரு விரல் குறைவு

முதலில் அவள் பார்த்தது அவனுடைய கைகளைத்தான். கண்களை அப்புறம்தான் பார்த்தாள்... பார்க்காமலே இருந்திருக்கலாம்.

சனிக்கிழமை பிற்பகல். நகராட்சி உள்ளரங்கத்தின் தகரக் கூரையில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. தைவானின் கீலுங் நகரில் மழை பெய்வதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பெய்யாத அன்றைக்குத்தான் பேசுவார்கள். துறைமுகக் கோப்பை கூடைப்பந்தின் முதல் ஆட்டம். மீன்சந்தை அணியும் கிரேன் ஓட்டுநர் அணியும் மோதிக்கொண்டிருந்தன. ஸ்கோர் மேசையில் பேனாவும் கையுமாக ரூயின். பக்கத்தில், கடிகாரத்தை நிறுத்தி ஓட்டும் அஃபென் அக்கா.

விசில் ஊதியது. மீன்சந்தை அணியின் மலை போன்ற ஆள் ஆச்சுவான் யாரையோ இடித்துத் தள்ளியிருந்தான். நடுவர் மேசையை நோக்கி ஓடி வந்தார். புதியவர். இரண்டு மீட்டர் தள்ளி நின்று, கால்களை ஊன்றி, இடித்தவனின் சட்டை எண்ணைக் காட்டக் கைகளை உயர்த்தினார்.

இடது கை முஷ்டி. வலது கையில் ஐந்து விரல்.

ரூயினின் பேனா நின்றுவிட்டது. பதினைந்தாம் எண் என்றால் பத்துக்கு அடையாளமாக வலது கையைத்தான் மூட வேண்டும். மீதி ஐந்துக்கு இடது கைதான் விரிய வேண்டும். இதென்ன தலைகீழாக?

மேசையில் இருப்பவர் கட்டைவிரலைத் தூக்கிப் 'புரிந்தது' என்று காட்டும்வரை நடுவர் நகரக் கூடாது. அப்படியே கண்ணுக்குக் கண் பார்த்தபடி நிற்க வேண்டும். ரூயின் கட்டைவிரலைத் தூக்கவில்லை. அவன் நின்றான். கறுத்த, கொஞ்சம் தூங்கி எழுந்தாற்போன்ற கண்கள்... வியர்வையில் நனைந்த முன்முடி அவற்றின்மேல் விழுந்திருந்தது.

"என்ன நம்பர்?" என்றாள்.

"பதினைந்து."

"கை மாறியிருக்கு."

"எந்தப் பக்கம் கூட்டினாலும் பதினைந்துதானே வருது?"

"கூட்டிப் பாக்க இது கணக்கு கிளாஸா? ஒழுங்கா காட்டுங்க."

அவன் காட்டவில்லை. சிரித்தான். இடது பக்க உதடு மட்டும் மேலே போகிற சிரிப்பு. "எழுதிக்கோங்களேன்... ஆட்டம் நிக்குது" என்றான், கெஞ்சுகிற குரலில்.

வேண்டா வெறுப்பாகக் கட்டைவிரலைத் தூக்கினாள். அவன் ஓடிவிட்டான். அவளுடைய சந்தேகம் மட்டும் மேசையிலேயே உட்கார்ந்துகொண்டது.

ரூயினின் சந்தேகத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். வார நாட்களில் அவளுக்குத் துறைமுகத்துச் சுங்க அலுவலகம் ஒன்றில் வேலை. சரக்குப் பெட்டகத்தின் மேல் இருக்கும் எண்ணும் காகிதத்தில் இருக்கும் எண்ணும் ஒன்றுதானா என்று நாள் முழுக்கப் பார்ப்பாள். தவிர, அவளுடைய அப்பா ஒரு காலத்தில் ஒரு பேஸ்பால் அணிக்காகத் தொண்டை கிழியக் கத்தியவர். அந்த ஆட்டங்கள் சூதாடிகளுக்கு விற்கப்பட்டவை என்று தெரிந்த அன்று அணிச் சட்டையைக் கழற்றிக் குப்பையில் போட்டார். அதற்குப் பிறகு வீட்டில் எந்த ஆட்டமும் ஓடியதில்லை. ஒன்பது வயது ரூயின் அந்தச் சட்டையைக் குப்பையிலிருந்து எடுத்துத் துவைத்து ஒளித்து வைத்தாள். ஆட்டத்தின்மேல் அவளுக்கு ஆசை போகவில்லை... நம்பிக்கைதான் போய்விட்டது.

இரண்டாவது சனிக்கிழமை அவள் ஒரு குட்டி நோட்டுடன் வந்தாள்.

அவன் பெயர் போஹாங் என்று ஆட்டத் தாளில் இருந்தது. மற்ற எண்களையெல்லாம் அழகாகக் காட்டினான். நாலு, ஏழு, பன்னிரண்டு, இருபத்து மூன்று... புத்தகத்தில் போட்ட படம்போல. பதினைந்து வந்தால் மட்டும் கை மாறியது. பத்துக்கு இரண்டு கைகளையும் விரிக்க வேண்டும். இவனோ வலது கையில் ஒரு விரலைக் காட்டி, பிறகு முஷ்டியை மூடிப் பூஜ்யம் காட்டினான். பத்தும் பதினைந்தும். மற்ற எதுவும் இல்லை. ஏன்?

பதில், மூன்றாவது வரிசையில் பச்சை மழைக்கோட்டுடன் உட்கார்ந்திருந்தது. அறுபது வயதுக்காரர். ஆட்டத்தை ரசிக்கிற முகமே இல்லை. போஹாங் கையை மாற்றிப் பதினைந்து காட்டுகிற ஒவ்வொரு முறையும் அவர் கைப்பேசியை எடுத்து ஏதோ தட்டினார்.

ரூயின் அஃபென் அக்காவின் முழங்கையை இடித்தாள்.

"அக்கா, அந்த ஆளைப் பாருங்க. இவர் கை காட்டுறாரு, அவர் மெசேஜ் அடிக்கிறாரு."

"எவர்டி?"

"ரெஃப்ரி. கையில என்னமோ இருக்கு."

அஃபென் அக்கா கடிகாரப் பொத்தானிலிருந்து விரலை எடுக்காமலே சிரித்தாள். "ஒரு ஆம்பளையோட கையை ரெண்டு வாரமா பாத்துக்கிட்டு இருக்கே. நான் பதினெட்டு வயசுல இப்படி பாத்தேன். அதுக்கு நாங்க சந்தேகம்னு பேரு வைக்கலடி."

"சும்மா இருங்கக்கா. சூதாட்டமா இருக்கப் போகுது."

"இருக்கும், இருக்கும். முகம் ஏன் சிவக்குது? அதுவும் சூதாட்டமா?"

மூன்றாவது சனிக்கிழமை ஆட்டம் முடிந்தபோது மழை சன்னமாகியிருந்தது. கோயில் தெருவில் பொரித்த மீன்மாவு விற்கிற கடையில் கூட்டம் நெரிந்தது. ரூயினுக்கு இரண்டு பேர் மேசை ஒன்று கிடைத்தது. இனிப்புச் சாறு ஊற்றிய தட்டை இழுத்து வைத்து, வெள்ளரி ஊறுகாயில் குச்சியைக் குத்தியபோது எதிரே நிழல் விழுந்தது.

"உக்காரலாமா? இல்ல, கட்டைவிரல் காட்டுற வரைக்கும் நிக்கணுமா?"

போஹாங். கையில் தட்டு, கக்கத்தில் குடை.

"நில்லுங்க. யோசிக்கிறேன்" என்றாள்.

அவன் நிஜமாகவே நின்றான். பின்னால் தட்டுகளோடு வந்த கடைக்காரர் "தம்பி, வழி... வழி..." என்று கத்தினார். ரூயினுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கட்டைவிரலைத் தூக்கினாள். கூடாது என்று நினைத்துக்கொண்டேதான் தூக்கினாள்.

அவன் நன்றாகப் பேசினான். அதுதான் வம்பாகிவிட்டது. பள்ளிப் பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லிக் கொடுக்கிறானாம். முன்பு தானும் விளையாடியவனாம். "ரெஃப்ரியா இருந்தா ஒரு வசதி. ரெண்டு டீமும் சமமா திட்டும்" என்றான். அவள் சிரிக்கும்போது அவன் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தான். அந்தக் கண்களில் தெருவின் சிவப்பு விளக்குகள் குட்டிக் குட்டியாய்த் தெரிந்தன... சே, எதைக் கவனிக்கிறோம் என்று தன்னையே அதட்டிக்கொண்டாள். கவனிக்க வேண்டியது வேறு. அவனுடைய இடது கை வந்ததிலிருந்து மேசைக்கு அடியிலேயே இருந்தது.

"அடுத்த சனிக்கிழமை எனக்குப் பரீட்சை" என்றான் போஹாங். "தேசியத் தர நடுவருக்கு. நடுவர் குழுவிலேருந்து வென் சார் வந்து உக்காந்து மார்க் போடுவாரு. ஆறு வருஷமா இதுக்குத்தான் ஓடிக்கிட்டு இருக்கேன்."

இதுதான் சமயம். ரூயின் குச்சியைக் கீழே வைத்தாள்.

"பதினைந்தை மட்டும் ஏன் தலைகீழா காட்டுறீங்க?"

அவன் முகத்தில் இருந்த விளக்குகள் எல்லாம் அணைந்துவிட்டன.

"அது... பழக்கம்."

"பழக்கம்னா எல்லா நம்பருக்கும் இருக்கணும். பத்துக்கும் பதினைந்துக்கும் மட்டும் வர்ற பழக்கம் என்ன பழக்கம்?"

"நீங்க நம்பரைப் பாக்குறீங்களா... என்னைப் பாக்குறீங்களா?"

விளையாட்டாகத்தான் கேட்டான். ஆனால் பட்ட இடம் சரியான இடம். அவளுக்குச் சுள்ளென்று ஏறியது.

"உங்களை நான் எதுக்குப் பாக்கணும்? நீங்க யாருக்கு சிக்னல் குடுக்குறீங்கன்னு பாக்குறேன்."

அவன் கையிலிருந்த குச்சியைத் தட்டில் வைத்தான்.

"அப்படி நினைச்சிட்டீங்களா..." என்றான். கோபம் இல்லாத குரல். அடிபட்ட குரல். எழுந்து, பாதித் தட்டை அப்படியே விட்டுவிட்டு, மழைக்குள் நடந்து போய்விட்டான். குடையை மறந்துவிட்டான்.

குற்றம் செய்யாதவன் ஏன் ஓட வேண்டும்? ரூயின் இதை நூறு தடவை கேட்டுக்கொண்டாள். வீட்டுக்குப் போய் அந்தக் குடையை விரித்து உள்ளே எல்லாம் துழாவிப் பார்த்தாள். துருப்பிடித்த ஒரு கம்பியைத் தவிர ஒன்றும் கிடைக்கவில்லை. குடையை உலர வைத்துவிட்டு, நடுவர் குழுவுக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தாள். நோட்டில் குறித்திருந்த எல்லாவற்றையும், தேதி, நேரம், கை என்று ஒன்று விடாமல் எழுதினாள். மூன்று பக்கம் வந்தது. அவனுடைய ஆறு வருஷத்தை முடித்துவைக்க மூன்று பக்கம் போதும். எழுதி முடித்ததும் ஏனோ அழுகை வந்தது. அதையும் சந்தேகப்பட்டாள்.

நான்காவது சனிக்கிழமை. மறுபடியும் மீன்சந்தையும் கிரேன் ஓட்டுநர்களும். இந்த முறை அரையிறுதி. மேடைக்குக் கீழே வென் சார் உட்கார்ந்திருந்தார். ஒல்லியான மனிதர், இருமல் மிட்டாயைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு கறுப்பு அட்டையில் தாளைச் சொருகி வைத்திருந்தார். மூன்றாவது வரிசையில் பச்சை மழைக்கோட்டு. ரூயினின் ஸ்கோர் தாளுக்கு அடியில் அந்தக் கடிதம். அவன் இன்னொரு தடவை கையை மாற்றட்டும்... ஆட்டம் முடிந்ததும் நேரே வென் சார் கையில் கொடுத்துவிடுவது என்று முடிவு செய்திருந்தாள்.

போஹாங் அன்றைக்கு அவள் முகத்தையே பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய நேரத்தில் மட்டும் பார்த்தான். எண்ணைக் காட்டினான், கட்டைவிரலுக்குக் காத்திருந்தான், போனான். ஆச்சுவானின் நான்கு தவறுகளையும் அன்று இன்னொரு நடுவர்தான் பிடித்தார். ஐந்தாவது வந்தால் ஆள் வெளியே.

கடைசி நிமிடம். மீன்சந்தை ஒரு புள்ளி முன்னால். கிரேன் அணியின் குட்டையான பையன் கூடைக்கு அடியில் பாய்ந்தான்; இரண்டு மீன்சந்தை ஆட்கள் ஒன்றாக எழும்பினார்கள், பதினாலாம் எண்காரனும், பதினைந்தான ஆச்சுவானும். பையன் தரையில் உருண்டான். விசில்.

ஊதியவன் போஹாங்.

அவன் மேசையை நோக்கி வந்தான். ஓடவில்லை, நடந்து வந்தான். இரண்டு மீட்டர் தள்ளி நின்றான். கால்களை ஊன்றினான். ரூயினை நேராகப் பார்த்தான். இத்தனை வாரத்தில் அப்படி ஒரு பார்வை பார்த்ததில்லை... 'சரி, பார்த்துக்கொள்' என்கிற பார்வை.

வலது கை உயர்ந்தது. முஷ்டி.

இடது கை உயர்ந்தது. விரிந்தது.

நான்கு விரல்.

"பதினாலா?" என்று கிசுகிசுத்தாள் அஃபென் அக்கா.

ரூயின் அசையவில்லை. அந்த இடது கையைப் பார்த்தாள். கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல், சுண்டுவிரல். நடுவே ஒன்று மட்டும் பாதியில் மடங்கி நின்றது. மோதிர விரல். அது சும்மா மடங்கியிருக்கவில்லை. நடுங்கியது. நிமிர முயன்று முயன்று தோற்றுக்கொண்டிருந்தது. கணு வீங்கி, கோணலாக...

அவளுக்குள் எல்லாம் ஒரே நேரத்தில் திறந்தது. இடது கையின் ஐந்து விரலும் விரிய வேண்டிய எண்கள் இரண்டே. பத்தும் பதினைந்தும். மேசைக்கு அடியில் ஒளிந்த கை. 'அப்படி நினைச்சிட்டீங்களா' என்ற குரல். ஐயோ... நான் என்ன காரியம் செய்யப் பார்த்தேன்!

கட்டைவிரலைத் தூக்கினாள். நன்றாக உயரத் தூக்கினாள்.

"பதினைந்து" என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னாள். "ஐந்தாவது தவறு."

மீன்சந்தைப் பயிற்சியாளர் பாய்ந்து வந்தார். "என்னம்மா எழுதுற? நாலு விரல்தான் காட்டினாரு! பதினாலு! அவனுக்கு ஒரே ஒரு தப்புதான் ஆகியிருக்கு! யாருகிட்ட காசு வாங்கினீங்க ரெண்டு பேரும்?"

அரங்கம் கொந்தளித்தது. காசு! அந்த வார்த்தை தன்மேலேயே வந்து விழுந்தபோதுதான் அதன் கனம் ரூயினுக்குத் தெரிந்தது.

போஹாங் இடது கையை இன்னும் இறக்கவில்லை. பயிற்சியாளர் பக்கம் திரும்பி அதை நீட்டினான். வென் சாருக்கும் தெரியும்படி நீட்டினான்.

"பதினைந்துதான். இந்த விரல் நிமிராது. ஆறு வருஷமா நிமிராது. மறைச்சு வச்சிருந்தேன். தப்பு என்மேல, அவங்க மேல இல்ல."

சத்தம் சட்டென்று அடங்கியது. அந்த அமைதியில் ஆச்சுவான் தன் பெரிய கையைத் தூக்கினான். "விடுங்க கோச். நான்தான் இடிச்சேன். நல்லாவே இடிச்சேன்."

மூன்றாவது வரிசையில் பச்சை மழைக்கோட்டு எழுந்து நின்று, வீட்டிலிருந்த மனைவியிடம் கைப்பேசியில் கத்தினார்: "அஞ்சாவது! தப்புக்கு ஒரு நாள்... உன் மாப்பிள்ளை ஆச்சுவானுக்கு அஞ்சு நாளு பாத்திரம் கழுவுற வேலை! நம்ம பொண்ணுகிட்ட சொல்லி வை!"

அஃபென் அக்கா ரூயினைத் திரும்பிப் பார்த்தாள். "உன் சூதாட்டக்காரன்டி" என்றாள். ரூயின் மேசைக்குள் புதைந்துவிடலாமா என்று பார்த்தாள்.

குட்டையான பையன், அந்தத் தவறுக்காகக் கிடைத்த இரண்டு பந்தையும் கூடையில் போட்டான். கிரேன் அணி ஒரு புள்ளியில் ஜெயித்தது. கூட்டம் கலைந்ததும் வென் சார் மேசைக்கு வந்தார். போஹாங் கைகட்டி நின்றான்.

"மேசைக்குப் புரிஞ்சுதாம்மா?" என்று ரூயினிடம் கேட்டார்.

"புரிஞ்சுது சார். பதினைந்துதான் காட்டினாரு."

"ம்." வென் சார் மிட்டாயை அடுத்த கன்னத்துக்கு மாற்றினார். "இன்னைக்கு பாஸ் போட மாட்டேன் தம்பி. விரலுக்காக இல்ல. மறைச்சதுக்கு. விரல் நிமிரலைன்னா மேசைகிட்ட முன்னாடியே போய்ச் சொல்லணும். அடுத்த வருஷம் வா, நானே வர்றேன்."

ஒரு வருஷம். போஹாங் தலையை ஆட்டினான். சிரிக்க முயன்றான், இடது பக்க உதடுகூட மேலே போகவில்லை.

வாசலில் மழை கனத்துவிட்டது. தூண் ஓரம் ஒதுங்கி நின்றவனிடம் ரூயின் குடையை நீட்டினாள். பிறகு, கண்ணை மூடிக்கொண்டு, கடிதத்தையும் நீட்டினாள்.

"இது என்ன?"

"உங்க மேல நான் எழுதின புகார். இன்னைக்குக் குடுக்கறதா இருந்தேன். நீங்க எல்லார் முன்னாடியும் மறைக்காம சொன்னீங்க... நான் மட்டும் மறைச்சா நல்லா இருக்காது. படிச்சிட்டுத் திட்டுங்க."

அவன் பிரித்தான். படித்தான். முதல் பக்கத்தில் முகம் இறுகியது. இரண்டாவது பக்கத்தில் புருவம் ஏறியது. மூன்றாவது பக்கத்தில் அவன் சத்தமாக வாசிக்க ஆரம்பித்தான்.

"'இரண்டாம் சனிக்கிழமை. ஆட்டம் முடிய நான்கு நிமிடம். இடது முஷ்டி, வலது ஐந்து. கண்கள் என் மேல், ஐந்து விநாடி. தேவைக்கு மூன்று விநாடி அதிகம்.'" நிமிர்ந்து பார்த்தான். "விநாடியா எண்ணினீங்க?"

"ஆதாரம் வேணாமா..."

"'மூன்றாம் சனிக்கிழமை. முன்முடியை வெட்டியிருக்கிறார். முன்பு இருந்ததே நன்றாக இருந்தது.' இது எந்த விதியில வருது?"

ரூயினுக்குக் காது வரை கொதித்தது. அதை எப்போது எழுதினோம்?

"'சிரிப்பு இடது பக்கம் மட்டும். எல்லோரிடமும் இப்படிச் சிரிப்பதில்லை. ஏன் என்னிடம் மட்டும் என்று குழு விசாரிக்க வேண்டும்.'" அவனுடைய குரல் இறங்கிவிட்டது. "ரூயின்... இதைப் படிச்சா வென் சார் என்ன நினைச்சிருப்பாரு?"

மூன்று பக்கத்திலும் அவள் மறைக்க நினைத்த ஒன்றைத் தவிர வேறு எதுவுமே இல்லை என்று இப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

போஹாங் கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் பத்திரமாக வைத்தான். குடையை விரிக்காமலே மழைக்குள் இறங்கினான். சரியாக இரண்டு மீட்டர். திரும்பி நின்று கால்களை ஊன்றினான்.

"குழு விசாரிக்க வேணாம். நானே ரிப்போர்ட் பண்றேன். தவறு செஞ்சது நடுவர். என்ன தவறுன்னா, நாலு வாரமா பந்தைப் பாக்காம மேசையைப் பாத்தது. முதல் நாள் 'கை மாறியிருக்கு'ன்னு சொன்னீங்களே... ஆறு வருஷத்துல யாரும் கவனிக்கல. பயந்துட்டேன். ஆனா அன்னைக்கு ராத்திரி தூக்கம் வராம போனது பயத்துல இல்ல. எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு."

சொல்லிவிட்டு, கட்டைவிரலுக்காகக் காத்து நின்றான். முடி நெற்றியில் ஒட்டியது. மூக்கு நுனியில் தண்ணீர் சொட்டியது.

"நனையறேன்..."

"நில்லுங்க. யோசிக்கிறேன்" என்றாள். "கையைக் காட்டுங்க முதல்ல."

அவன் இடது கையை நீட்டினான். ரூயின் மழைக்குள் இறங்கி வந்து அந்த மோதிர விரலைப் பிடித்தாள். மெல்ல நிமிர்த்திப் பார்த்தாள். வரவில்லை. சந்தேகத்துக்கு இன்னொரு முறை முயன்றாள்.

"எப்படி ஆச்சு?"

"ஃபைனல்ல பந்து இடிச்சுது. டேப்பைச் சுத்திக்கிட்டு விளையாடிட்டேன். ஒரு மாசம் கழிச்சு டாக்டர்கிட்ட போனா, அவரு திட்டினாரு. இனிமே இந்த விரல்ல மோதிரம் போடறதே கஷ்டம், அப்படியே போட்டாலும் கழட்ட முடியாதுன்னாரு."

"கழட்டவே முடியாதா?"

"முடியாதாம்."

"நிஜமா?"

"சந்தேகமா இருக்கா?"

"இருக்கு" என்றாள் ரூயின். "சரிபார்க்காம நான் எதையும் எழுத மாட்டேன். ஒரு நாள் போட்டுப் பாத்துத்தான் சொல்ல முடியும்."

அந்த விரலை விடாமலே, மற்றக் கையின் கட்டைவிரலை உயரத் தூக்கினாள்.